கறுப்புக் கோட்டை ஊதாவாக்கிய பாலியஸ்டர்

ஹைதராபாதில் நிஜாமின் வைரத்தைப் பார்த்தவர்கள்கூட இருப்பார்கள். ஆனால் ‘இது காட்டனா, பாலியஸ்டரா?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் எங்கள் ஆபீஸில் ‘பாலியஸ்டர்’ என்று பட்டப்பெயர் வாங்கியவரிடம் போட்டோ எடுத்துக்கொண்டவர் ஒருவரும் கிடையாது.

அவர் மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழர். எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. நான் திருநெல்வேலியிலிருந்து போய்ச் சேர்ந்தபோதே அவருடைய நிஜப்பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. கழுத்தில் எப்போதும் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. அதற்குத் தானாக ஃபோகஸ் செய்யத் தெரியாது. உள்ளே பார்த்தால் ஒரே முகம் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பித் திருப்பி இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். அதுவரை நாம் மூச்சு விடக்கூடாது.

“நக்கோ, வேணாம், அசையாத! இன்னும் ரெண்டு மூக்கு தெரியுது!”

அந்தக் கேமராவுக்கு ஒரு வியாதி. கறுப்புப் பாலியஸ்டரை ஊதாவாகக் காட்டும். ஆண்டு விழாவில் எங்கள் மேனேஜர் புதுக் கறுப்புக் கோட்டில் மேடையேறி முழங்கினார். படத்தில் கத்தரிக்காய் நிறத்தில் நின்றார்.

“என்னய்யா இது? பேண்டு வாத்தியக்காரன் மாதிரி இருக்கேன்!”

“கேமரா மேல தப்பில்ல சார். நீங்க காட்டன்ல தைச்சிருக்கணும்.”

அந்த வருஷம் பாலியஸ்டருக்கு இன்கிரிமெண்ட் கிடையாது.

வெயில் ஏறினால் கேமரா மயங்கிவிடும். பேட்டரியைக் கழற்றி, ஊதி, மாட்டி, “எந்திரிடா ராஜா” என்று கொஞ்சுவார். புதுசு வாங்குங்களேன் என்றால் முறைப்பார். பைத்தியம் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு ஒருநாள், மல்லாபூர் ஃபேக்டரிகளில் ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களை அவர் எடுத்திருந்த படங்களைக் காட்டினார். அடேயப்பா! ஒவ்வொருவர் தோலும் ஒவ்வொரு நிறம். அந்தி வெயில் நெற்றியில் நிஜமாகவே சுட்டது. கறுப்பில் இத்தனை கறுப்பா என்று ஒவ்வொன்றையும் மறுபடி மறுபடி பார்த்தேன்.

அதற்குக் காரணம் உண்டு. நான் நல்ல கறுப்பு. ஊர் ஸ்டூடியோவில் எனக்குச் சுண்ணாம்பு அடித்து அனுப்பிய போட்டோவை நம்பி வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார், என்னை நேரில் பார்த்ததும் காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள். அந்த அவமானம் இன்னொரு தடவை தாங்காது. அடுத்த வரனுக்குப் போகிற போட்டோ என் நிறத்தோடுதான் போகவேண்டும், இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று பாலியஸ்டரிடம் போய் நின்றேன்.

நாச்சாரத்தில் நான் குடியிருந்த வீட்டு மொட்டைமாடிக்கு வந்தார்.

“பொடவை?”

“பட்டுண்ணே.”

“சபாஷ்!”

ஷட்டர் மக்கர் செய்தது. பேட்டரியைக் கழற்றினார், ஊதினார், மாட்டினார். மறுபடியும் மக்கர். “இன்னும் ஒரே ஒரு தடவ, ராஜா” என்று அவர் கெஞ்சியதை வழக்கமான கூத்து என்றே நினைத்தேன். டக்.

படத்தில் இருந்தது நான். புளியங்கொட்டை நிறத்தில், பளபளவென்று, சாட்சாத் நானே! அழுதுவிட்டேன். படம் ஊருக்குப் போனதும் அம்மா போனில் கத்தினாள்: “ஏட்டி, என்ன இம்புட்டுக் கறுப்பா எடுத்திருக்கான்?” திட்டிக்கொண்டேதான் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினாள்.

லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை வீட்டாரோடு வந்தார். காபியைக் குடித்தார். “போட்டோவுல பார்த்த மாதிரியே இருக்கீங்க” என்று சிரித்தார். அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் பாலியஸ்டருக்குப் போன் போட்டேன்.

“ஹவ்மா, ஆமாம்மா, ரொம்ப சந்தோசம். இனிமே சொல்லலாம். கேமரா உன் படத்தோட போயிடுச்சு. ரிப்பேர்க்காரன் கையை விரிச்சுட்டான்.”

“அன்னைக்கே ஏன்ணே சொல்லல?”

“நல்ல காரியம் பேசறப்ப சாவுச் சேதி சொல்லுவாங்களா?”

எங்கள் குடும்பத்தில் முதல் கல்யாணப் பத்திரிகை குலதெய்வத்துக்கு. இரண்டாவதை எடுத்துக்கொண்டு நான் மௌலா அலிக்கு, பாலியஸ்டர் வீட்டுக்குப் போனேன்.