போகிற நேரத்தில் எதற்கு?

உலகத்தில் இருக்கிறவர்கள் உண்டு, போனவர்கள் உண்டு. இருக்கிறவரை வீட்டில் பார்க்கலாம், போனவரைச் செல்போனில் பார்க்கலாம். இரண்டிலும் சேராமல் மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. அதுதான் போகப்போகிறவர். இவரை எங்கே தேடுவது என்று திகைக்க வேண்டாம். எந்த வீட்டு ஜன்னலில் திரைத்துணிக்குப் பதிலாகப் பழைய போர்வை தொங்குகிறதோ, எந்த வீட்டில் "உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டிவிட்டு "அந்தப் பக்கமா மட்டும் சாஞ்சிடாதீங்க" என்கிறார்களோ, அங்கே இவர் இருக்கிறார். ஆனால் இருக்கிறார் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். கிளம்பிக்கொண்டிருக்கிறார் என்று சொல்ல வேண்டும்.

நாம் பார்க்கப்போகிறவர் பல் கட்டுகிறவர். டாக்டர் இல்லை. டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி அச்சு எடுத்து அனுப்பிவிடுவார். அந்த அச்சில் பிளாஸ்டர் கரைத்து ஊற்றி, மெழுகில் ஈறு வளைத்து, பல்லை ஒவ்வொன்றாக நிறுத்தி, தாடை மாதிரித் திறந்து மூடும் ஒரு கம்பிக் கருவியில் மாட்டிக் கடிக்கவிட்டுப் பார்க்கிற வேலை இவருடையது. லேப் என்று பெயர். உள்ளே போய்ப் பார்த்தால் பட்டறை. பல் என்றால் வெள்ளை என்று நாம் நினைக்கிறோம். இவருக்குப் பதினாறு வெள்ளை தெரியும். டீ குடிக்கிறவர் வெள்ளை எது, புகை பிடித்து விட்டவர் வெள்ளை எது, விட்டேன் என்று பொய் சொல்கிறவர் வெள்ளை எது என்று சரியாகச் சொல்வார். கைகாரர். அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் ஆறு வருஷமாகக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்.

தெருவில் இவருக்குப் 'போறவர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. "போறவர் வந்துட்டாரா?" என்று கேட்பார்கள். "இப்பத்தான் வந்தார்" என்று பதில் வரும். யாரும் சிரிப்பதுகூட இல்லை, அவ்வளவு பழகிவிட்டது.

இவருக்கு ஒரே ஒரு மந்திரம்தான்: "போற நேரத்துல எதுக்கு?" சமையலறைக் குழாய் சொட்டுகிறது, வாஷர் மாற்றலாமா என்றால் போற நேரத்துல எதுக்கு, சரி என்று மனைவி கீழே ஒரு கிண்ணத்தை வைத்தாள், அந்தக் கிண்ணம் நசுங்கி, அடுத்த கிண்ணம் வந்து, அதுவும் பழசாகிவிட்டது. நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம், அடியில் மொழித் தேர்வுப் புத்தகம் ஒன்றைச் செருகியிருக்கிறார். மகள் ஐந்து வயதில் சைக்கிள் கேட்டாள். "அங்க போய் வாங்கிக்கலாம் பாப்பா, அங்க ரோடு வழுவழுன்னு இருக்கும்" என்றார். பாப்பாவுக்கு இப்போது எட்டு. சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆனால் அங்கே எந்தப் பக்கமாக ஓட்ட வேண்டும் என்று தெரியும்.

வாங்கியதே இல்லையா என்றால், வாங்கினார். மூன்று பெட்டி வாங்கினார். நடையில் வரிசையாக நிற்கின்றன. பெரிய பெட்டியின்மேல் மகள் வீட்டுப்பாடம் எழுதுகிறாள், நடுப்பெட்டியின்மேல் துணி மடிக்கிறார்கள், சின்னப் பெட்டி விருந்தாளிக்கு. கூடவே தொங்கவிட்டு எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று. அது கைக்கு வந்த நாளிலிருந்து மனிதர் பார்த்ததையெல்லாம் தூக்கிப் பார்த்தார். மச்சினன் கல்யாணத்தில் மாமியார் கொடுத்த வெண்கல விளக்கைத் தராசில் மாட்டி, "ரெண்டே முக்கால். வேணாம்னு சொல்லிடு" என்றார். மாமியார் அதற்குப் பிறகு இவருக்கு ஆசீர்வாதம் மட்டும்தான் கொடுக்கிறார். அதற்கு எடை இல்லை.

காலையில் எழுந்ததும் மற்றவர்கள் முகம் கழுவுவார்கள். இவர் அந்த நாட்டு விதிகளில் இன்று என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பார். மாறாத நாள் குறைவு. முதலில் வேலைக்காரராகப் போவதாக இருந்தது. காகிதம் எல்லாம் கட்டி முடித்த வாரத்தில் சம்பள வரம்பை உயர்த்திவிட்டார்கள். சரி, மாணவராகப் போகலாம் என்று முப்பத்தைந்து வயதில், மீசை அரும்பாத பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து மொழித் தேர்வு எழுதித் தேறினார். மாணவர்கள் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டி வரக்கூடாது என்றார்கள். மூன்று பெட்டியில் இரண்டை விட்டுவிட்டா போவது? திரும்பவும் வேலைக்காரர் வரிசைக்கே வந்தார். அதற்குள் தேவைப்படும் தொழில்களின் பட்டியலிலிருந்து பல் கட்டுகிறவரை எடுத்துவிட்டார்கள். அங்கே எல்லோருக்கும் ஒரே நாளில் பல் முளைத்துவிட்டது போலிருக்கிறது. இந்த அலைச்சலில் தேர்வு முடிவு காலாவதி, மருத்துவச் சான்று காலாவதி, படமும் காலாவதி. ஊருக்கே பல் கட்டுகிறவரை நிற்கவைத்து, "பல்லைக் காட்டாதீங்க" என்று சொல்லிச் சொல்லி ஒன்பது முறை படம் எடுத்திருக்கிறார்கள்.

இலவு காத்த கிளி என்று நினைக்கிறீர்களா? கிளிக்காவது ஒரே ஒரு மரம்.

சோர்ந்தாரா? அதுதான் இல்லை. பண்டிதராகிவிட்டார். தெருவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் இவரிடம்தான். இவர் படிவம் நிரப்பிக் கொடுத்து நான்கு பேர் போய்ச் சேர்ந்து, அதில் ஒருவர் வீடும் வாங்கிவிட்டார்.

இப்படியே காலம் போயிருக்கும். முழங்கால் வந்து கெடுத்தது. இவர் முழங்கால் இல்லை, முதலாளியம்மாவினுடையது. லேப் இருப்பது இரண்டாவது மாடியில். எழுபது வயதில் அந்த அம்மாள் ஒருநாள் ஏறி வந்து, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

"இனிமே என்னால ஏற முடியாதுப்பா. நீயே எடுத்து நடத்து. என் பங்குன்னு மாசாமாசம் கொஞ்சம் குடுத்தா போதும். ஆனா அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடணும். மாசக் கடைசிக்குள்ள சொல்லு. கீழ டயர் கடைக்காரர் குடோனுக்குக் கேக்கறார்."

"அஞ்சு வருஷமா? போற நேரத்துல எதுக்கும்மா?"

"நீ போற நேரம் ஆறு வருஷமா போயிட்டிருக்கு."

மூலையில் பல் செட்டுக்கு மெருகேற்றிக்கொண்டிருந்த அக்கா மோட்டாரை நிறுத்தினார். பதினோரு வருஷமாக அந்த மூலையில் உட்கார்ந்திருப்பவர். "தம்பி, நீ போ, நல்லா இரு. ஆனா எனக்கு டயருக்குப் பாலிஷ் போடத் தெரியாது" என்றார். மறுபடி மோட்டாரைப் போட்டார்.

வீட்டில் மனைவிக்குச் செய்தி தெரிந்தது. மருந்துக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவள். கத்துவதற்குத் தெம்பு வைத்துக்கொள்வதில்லை.

"வீடுன்னு நெனச்சுத்தான் வந்தேன். ரயில்வே வெயிட்டிங் ரூம்ல குடித்தனம் நடத்திட்டு இருக்கேன். இப்ப அந்த வேலையும் போகட்டுமா?"

"இன்னும் ஒரே ஒரு வழி இருக்கு. இது மட்டும் தட்டிப்போச்சுன்னா..."

"தட்டிப்போனா?"

"பாக்கலாம்."

அந்த ஒரு வழி என்னவென்றால், கம்ப்யூட்டர் சொல்ல இயந்திரம் பல் கடைகிற ஒரு தொழிற்சாலையில் ஆறு மாதப் பயிற்சி. தனியாகத்தான் போகவேண்டும், முடிந்ததும் திரும்பிவிடவேண்டும். முதலில் காலை வைப்போம், அப்புறம் உடம்பை நுழைத்துக்கொள்ளலாம் என்பது இவர் கணக்கு. மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது நேர்காணல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்க ஓர் அம்மாள். தேர்வில் தேறிய மொழிதான், ஆனால் கண்ணாடியைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"உங்களுக்கு இங்க சொந்தமா என்ன இருக்குன்னு கேக்கறார்."

ஆறு வருஷத் தவம் இந்தக் கேள்விக்குத்தான் என்று இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒண்ணுமே இல்லைங்க. வீடு வாடகை. சாமானும் கிடையாது. எந்த நிமிஷம் சொன்னாலும் கிளம்பிடலாம்."

அந்த அம்மாள் ஒரு கணம் இவரைப் பார்த்தார். "அப்படியே சொல்லவா?"

"அப்படியே சொல்லுங்க."

அப்படியே சொன்னார். மூன்றாம் நாள் கடிதம் வந்தது. மனைவி வாங்கிப் படித்தாள். விண்ணப்பித்தவருக்குத் தன் ஊரில் எந்தப் பிடிப்பும் இருப்பதாகத் தெரியவில்லை, ஆகவே ஆறு மாதம் முடிந்ததும் திரும்புவார் என்று நம்ப வழியில்லை, பிடிப்புக்குச் சான்று இருந்தால் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று எழுதியிருந்தது. அவள் மறுபடி படித்தாள். பிறகு சின்னப் பெட்டியின்மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தாள்.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லங்க. ஆறு வருஷமா நான் சொன்னதை அந்த ஊர்க்காரன் ஒரே வரியில எழுதிட்டான்."

இதற்குப் பிறகுதான் வேடிக்கை. அதுவரைக்கும் விதி என்றால் காது கொடுக்காதவள், மறுநாளிலிருந்து விதி பேச ஆரம்பித்தாள். "ஏங்க, வீட்டு நெலமையைப் படம் எடுத்து வெச்சா நம்புவாங்களாமே. ஜன்னல்ல போர்வை தொங்கினா யார் நம்புவா?" திரைத்துணி வந்தது. "என் கடைக்கு வர்ற ஒருத்தரோட அண்ணனுக்கு அலமாரி இல்லன்னே திருப்பிட்டாங்களாம்." அலமாரி வந்தது. நாற்காலிக்குக் கால் வந்தது. வாஷர் மாற்றினார், சொட்டாத குழாயை எப்படிப் படம் எடுப்பது? எடுத்தார். அடியில் கிண்ணம் இல்லாமல் ஒன்று, காய்ந்த தொட்டி ஒன்று. மகள் அம்மாவின் முகத்தையும் அப்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சைக்கிளும் பிடிப்புதானேப்பா?" என்று கேட்டாள். தாயைப் போலப் பிள்ளை. சைக்கிள் வந்தது.

இவருக்குப் புரியவில்லையா? பதினாறு வெள்ளை தெரிந்தவருக்கு ஒரு சிரிப்பில் எத்தனை பொய் இருக்கிறது என்று தெரியாதா? தெரிந்துதான் இருக்க வேண்டும். ஒருநாள் மாலை, புதுத் திரைத்துணியை விலக்கிக்கொண்டு, மகள் தெருவில் சைக்கிளோடு விழுந்து எழுந்து விழுவதை வெகுநேரம் நின்று பார்த்தார். தராசு எங்கே என்று அன்றைக்குக் கேட்கவில்லை.

மாதக் கடைசிக்கு முந்தின நாள் மனைவி கடைசி விதியைச் சொன்னாள்: "எல்லாத்தையும்விடப் பெரிய சான்று சொந்தத் தொழில்தானாம்."

"யார் சொன்னா?"

"விதியிலயே இருக்காம்."

"எந்த விதியில?"

"என் விதியில" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மறுநாள் காலையில் முதலாளியம்மா வீட்டு வாசலிலேயே போய்க் கையெழுத்துப் போட்டார். டயர் கடைக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். அன்றைக்குப் பாலிஷ் அக்காவின் மோட்டார் சத்தம் கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

ஒப்பந்தம், அலமாரி, சைக்கிள், குழாய் எல்லாம் ஒரு கோப்பில் போயின. இரண்டு மாதம் பதில் இல்லை. முதலாளி ஆனவருக்குக் காலையில் விதி பார்க்க நேரமும் இல்லை. கரைத்த பிளாஸ்டர் யாருக்காகவும் காத்திருக்காது, கல்லாகிவிடும். பாஸ்போர்ட் திரும்பி வந்த அன்றுகூட உறையை மெழுகு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு கிழவருக்குக் கடைவாய்ப் பல் நிறுத்தி முடித்த பிறகுதான் பிரித்தார்.

விசா கிடைத்திருந்தது.

போனாரா? போனார், போகாமல் என்ன. மூன்று பெட்டியில் ஒன்றோடு போனார். கிளம்புகிற காலையில்கூட குழாயைத் திருகித் திருகிப் பார்த்து, "வாஷர் தேஞ்சா உடனே மாத்திடு, தள்ளிப்போடாதே" என்று மனைவிக்குப் புத்தி சொன்னார். அவள் லேப் சாவியைக் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் கடை முடிந்ததும் போய் டாக்டர்களுக்கு அனுப்புகிற வேலையை அவள் பார்ப்பாள், பல்லை அக்கா பார்ப்பார் என்று ஏற்பாடு. வண்டி தெருமுனை திரும்புகிறவரைக்கும் பின்னாலேயே மகள் சைக்கிளில் போனாள். முதலில் காலை வைப்போம், அப்புறம் உடம்பை நுழைப்போம் என்று சொன்னாரே, அந்தக் கணக்கு மனைவிக்கு நினைவில்லாமல் இல்லை. உடம்பையும் நுழைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடுவாரோ என்று அன்றைக்கு ராத்திரியெல்லாம் அவள் கணக்குப் போட்டாள்.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. செல்போனில் அவர் முகம், முகத்துக்குப் பின்னால் அறை. மனைவி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"அது என்னங்க ஜன்னல்ல?"

"துண்டு. காலைல வெளிச்சம் கண்ணுல அடிக்குது."

"தலையணை எங்க?"

"சட்டையைச் சுருட்டி வெச்சுக்கறேன்."

"எதுமேல உக்காந்திருக்கீங்க?"

"பெட்டி மேலதான். ஏன்?"

"அந்தக் குளிர்ல நாலு சாமான் வாங்கி வெச்சுக்கக் கூடாதா?"

அவர் அவளைப் புரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அஞ்சு மாசத்துல கிளம்பிடுவேன். போற நேரத்துல எதுக்கு?"

ஆறு வருஷமாக அந்த வார்த்தையைக் கேட்டால் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும். இன்றைக்கு அதைக் கேட்டு, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, சரிசெய்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஒரு போர்வை மட்டும் வாங்கிக்கோங்க" என்றாள். "வேற எதுவும் வாங்காதீங்க."

இதைக் கேட்டு நீங்கள் சிரித்திருப்பீர்கள். நன்றாகச் சிரியுங்கள். நமக்கென்ன, நாம் எந்த நாட்டுக்கும் போகப்போவதில்லை. ஆனால் போகப்போகிறவர் என்றால் விமானம் ஏறுகிறவர் மட்டும்தான் என்று யார் சொன்னது? பையன் தேர்வு முடியட்டும், பதவி உயர்வு வரட்டும், சொந்த வீடு கட்டியதும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிறவருக்கும் அதே மந்திரம்தான், பெட்டிதான் கண்ணுக்குத் தெரியாது. சந்தேகம் இருந்தால் உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டைப் பாருங்கள். நல்ல நாளைக்கு ஆகும் என்று பிரிக்காமல் வைத்த தட்டு செட் இருக்கிறதா, போய்விட்டதா? உங்கள் டிவி ரிமோட்டுக்கு இன்னும் பிளாஸ்டிக் உறைதானே? கொஞ்சம் பேசாமல் இருந்து காது கொடுத்தும் பாருங்கள். எங்கேயோ குழாய் சொட்டுகிற சத்தம்.

பக்கத்து வீடாக இருக்கும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.