ரஷ்யாக்காரர் கோட்டும் என் மாவு மூக்கும்

தனியாக இருக்கிறவன் பேச்சுக்கு நாலு பேர் சிரித்துவிட்டால் போதும், அவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். எனக்குப் பிடித்தது.

ஜெகதாப்பட்டினத்திலிருந்து புதுக்கோட்டைக்கு ஜவுளிக்கடை வேலைக்கு வந்த புதிது. படுக்கை கடைக் குடோனில். பேச்சுத்துணை வேட்டிக் கட்டுகள். (அவை பதில் பேசாது. நான் விட்டதில்லை.) அந்த ஊரில் என்னைப் பார்த்து "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்ட ஒரே ஆள் நிக்கோலாய் என்கிற ரஷ்யாக்காரர்.

தன் நாட்டில் சண்டை மூண்டபோது ஓடிவந்து, எங்கெங்கோ சுற்றி, சமஸ்தானத்தில் பேண்டு வாத்தியம் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தவர். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் பேண்டு நின்றது, இவரும் நின்றுவிட்டார். ஆர்மோனியம் ரிப்பேர் செய்து பிழைத்தார். "வெள்ளைக்காரன் மூட்டை கட்டுறப்ப இந்த ஒண்ணை எடுத்துவைக்க மறந்துட்டான்யா" என்பார் டீ மாஸ்டர் சுப்பையா. (அந்த வெள்ளைக்காரன் வேறு, இவர் வேறு என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்!)

கடை மூடியதும் அவர் வீட்டுக்குப் போவேன். பாலில்லாத டீ கொடுப்பார். கசக்கும். ஆனாலும் தினமும் போனேன்.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் ஒருநாள் டீக்கடையில் நடித்துக் காட்டினேன். கம்பளிக் கோட்டோடு அவர் வெயிலில் நடப்பது, கழுதைக்கும் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்வது. கடையே உருண்டு சிரித்தது. அதுவரை என் பெயர்கூடத் தெரியாதவர்கள் "காசிம், இன்னொரு வாட்டி செய்யப்பா" என்றார்கள். அவ்வளவுதான், கடைச் சிப்பந்திகள் சங்க ஆண்டு விழாவுக்கு நாடகமே எழுதிவிட்டேன். 'பனிக்கரடி புதுக்கோட்டை வந்த கதை.' கதை, வசனம், கரடி எல்லாம் நானே.

வேஷத்துக்குக் கோட்டு வேண்டும். ஊரில் இருந்த கம்பளிக் கோட்டு ஒன்றுதான். வெட்கமில்லாமல் அவரிடமே போய் நின்றேன்.

"நாடகமா? நான் வரலாமா தம்பி? இந்த ஊர்ல என்னைய யாரும் எதுக்கும் கூப்பிட்டது இல்ல."

எங்கள் பக்கத்து வாய்க்கு 'வராதீங்க' என்று சொல்ல வராது. "நீங்க இல்லாமலா? முன்னாடி வந்து உக்காருங்கய்யா" என்றது என் வாய். கோட்டோடு வீதியில் இறங்கிய பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. பார்த்தால் வருத்தப்படுவார். இனி அந்த டீயும் இல்லை, 'சாப்பிட்டீங்களா'வும் இல்லை.

விழா அன்று சாயங்காலம், முதல் வரிசையில் மொடமொடவென்று வெள்ளைச் சட்டையில் அவர். மேடையில் அவர் கோட்டுக்குள் நான், சிவப்புச் சாயம் பூசிய கோதுமை மாவு மூக்கோடு. வேர்வையில் மூக்கு மெல்ல வாய்க்கு இறங்கிக்கொண்டிருந்தது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

கடைசிக் காட்சி. ரஷ்யாக்காரன் ஊருக்குக் கிளம்புகிறான், பஸ் நிற்கிறது, அவனோ டிரங்குப் பெட்டிமேல் மண்ணாந்தையாக உட்கார்ந்துவிடுகிறான். திருச்சிக்குப் போகும்போதெல்லாம் அவர் அப்படி உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். ஞாபகமறதி என்று நினைத்துத்தான் சேர்த்திருந்தேன்.

கண்டக்டர் வேஷத்தில் சுப்பையா கத்தினார்: "யோவ் தொரை! பஸ்ஸு கெளம்புதுய்யா! பொட்டியில முட்டையா இடுற?"

கொட்டகை அதிர்ந்தது. அப்போது நிக்கோலாய் எழுந்தார். நேராக மேடைக்கு ஏறி வந்தார். அடிக்கப்போகிறார், இல்லையென்றால் கோட்டைக் கழற்றப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். (உள்ளே சட்டை போடவில்லை.)

அவர் என் பக்கத்தில் பெட்டிமேல் உட்கார்ந்தார். கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"எங்கிட்டு போறீங்க தம்பி?" என்றார் மெதுவாக.

"எங்கிட்டும் போகலைங்கய்யா. நாடகம்."

"எங்க ஊர்ல பயணம் போறதுக்கு முன்ன, வீட்ல இருக்கிறவுக எல்லாரும் கூட உக்காருவாக. பேசாம, செத்த நேரம். ஒத்தையில உக்காரக் கூடாது." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "நான்தான் இங்க ஒத்தையில உக்காருறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாவு மூக்கு மடியில் விழுந்தது. சனம் இதுவும் நாடகம் என்று நினைத்துக் கைதட்டியது. இரண்டு பேர் பாரம் தாங்காமல் பெட்டி மூடி 'டப்' என்று உள்வாங்க, இருவரும் இடுப்புவரை உள்ளே போனோம். சுப்பையாவும் திரை இழுக்கிறவரும் ஆளுக்கொரு கை பிடித்து இழுத்தார்கள். பெட்டி எங்களோடு எழுந்து வந்தது.

மறுநாள் கோட்டைத் துவைத்து எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தன் மூக்கைத் தடவினார்.

"ஏந் தம்பி, என் மூக்கு அம்புட்டுப் பெரிசா?"

"கொஞ்சம்... பெரிசுதாங்கய்யா."

"இங்கிட்டு வந்து உக்காருங்க. சாப்பிட்டீங்களா?"

அன்று அந்தக் கசப்பு டீயை இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தேன்.

சில வருஷங்கள் கழித்து ஆஸ்திரேலியாவில் இருக்கும் தங்கையிடம் போக அவருக்கு வழி பிறந்தது. பஸ் ஸ்டாண்டில் அவருடைய பெட்டிமேல் இருவரும் உட்கார்ந்தோம். கண்டக்டர் என் வசனத்தையே கிட்டத்தட்ட அப்படியே கத்தினார். யாரும் சிரிக்கவில்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் வெளியூர் கிளம்பினாலும் எல்லோரும் உட்கார்ந்தாக வேண்டும். அதனால் தவறிய பஸ்கள் அநேகம். "மணமேல்குடி பஸ்ஸைக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க, பனிக்கரடி முட்டை இடுறாரு!" என்பாள் என் மனைவி பாத்திமா. சொல்லிவிட்டு அவளும் வந்து உட்காருவாள்.

அவளும் பிள்ளைகளும் இல்லாத நாளில் நான் கிளம்புவதாக இருந்தால், கட்டிலில் தனியாக உட்காருவேன். அப்போதும் ஓரமாகத்தான், பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு.