மூணுசுத்து கண்டக்டர்

விசிலைத் தூக்கிப்போட்டு வாயால் பிடித்த பிறகுதான் ஊதுவேன் என்று பிடிவாதமாக இருந்த கண்டக்டர் இந்தியாவிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். எழுபதுகளில் உத்தமபாளையத்திலிருந்து போடிக்குப் போகும் காலை பஸ்ஸில் இருந்தார். சொந்தப் பெயரைச் சொன்னால் அவர் வீட்டிலேயே முழிப்பார்கள். ‘மூணுசுத்து’ என்றால் வழியில் மேய்கிற ஆடுகூடத் திரும்பிப் பார்க்கும்.

பித்தளை விசில். அதில் கட்டிய கயிற்றின் மறுமுனை அவர் விரலில். கயிற்றைச் சுண்டினால் விசில் மேலே போய் மூன்று சுற்று சுற்றி, ஊதுகிற முனை சரியாகப் பல்லுக்கு நடுவில் வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்தால் ‘பீ!’ இல்லாவிட்டால் பஸ் நகராது. விசில் மூக்கில் விழும், மீசையில் விழும். ஒருமுறை ஒரு அம்மாளின் கத்தரிக்காய்க் கூடையில் விழுந்து, பஸ்ஸே சேர்ந்து தேடியது.

“ஏலே, இது பஸ்ஸா சர்க்கஸா? ஊதித் தொலைடா!” என்று டிரைவர் கத்துவார்.

“ரெண்டரைச் சுத்துதாண்ணே வருது. செத்த இருங்க.”

நான் பண்ணைப்புரத்தில் ஏறுவேன். போடியில் ஏலக்காய்க் கடையில் எடை போடும் வேலை. கடை திறக்கும்போது வாசலில் நிற்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். ஆனால் விடிந்து கரண்டு வந்தால்தான் எங்கள் கிணற்று மோட்டார் ஓடும். அப்பா போன பிறகு தோட்டம், வேலை இரண்டும் என் தலையில். தண்ணீர் பாய்ச்சிவிட்டு ஈரக்காலோடு வரப்பில் ஓடிவருவேன். நல்லவேளையாக, தினமும் மூணுசுத்து படியில் நின்று விசிலைத் தவறவிட்டுக்கொண்டிருப்பார்.

சும்மா ஏறினால் நன்றிகெட்டவன் ஆகிவிடுவேனே என்று யோசனை சொல்வேன்.

“அண்ணே, கையை ஆட்டாதீக. முழங்காலை மடக்கி, எந்திரிக்கையில கயித்த நேரா மேல இழுங்க. கடேசிலதான் மணிக்கட்டைச் சுண்டணும்.”

அப்படியே செய்வார். மூன்று சுற்று. பீ!

“தம்பி வாய்க்குச் சக்கரை போடணும்யா!”

மறுநாள் கயிறு நீளம் என்பேன். ஒரு முடிச்சுப் போட்டுச் சுண்டுவார். பீ! நான் இல்லாவிட்டால் அந்த பஸ் பண்ணைப்புரத்தைத் தாண்டாது என்று கடையில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

ஒருநாள் கரண்டே வரவில்லை. சீக்கிரமே வந்துவிட்டேன். மூணுசுத்து பின்னால் ஏணியில் நின்று வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருக்கையில், முன்வாசலில் ஏறி உட்கார்ந்தேன்.

அவர் படிக்கு வந்தார். சுண்டினார். மூக்கு. மறுபடி சுண்டினார். தோள். விசிலை அவர் பார்க்கவே இல்லை. எங்கள் தோட்டத்து வரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்சீட்டில் வைதார்கள். “ஓனர்ட்ட சொல்லி இன்னைக்கே உன்ன வீட்டுக்கு அனுப்புறேன் பாரு!” என்று டிரைவர் ஆரனை அழுத்தினார். மூணுசுத்து அசையவில்லை. சுண்டினார். காது.

தலையை நீட்டினேன். “அண்ணே, முழங்காலை மடக்கலையே?”

திரும்பினார். “ஏலே, இங்கனதான் இருக்கியா!” என்றபடியே, முழங்காலை மடக்காமல், விசிலைப் பார்க்காமல், சும்மா ஒரு சுண்டு.

நான்கு சுற்று. பீ!

ஜன்னல் வழியே எங்கள் வரப்பைப் பார்த்தேன். கிணறுவரை தெரிந்தது.

மறுநாள் கரண்டு வந்தது. ஓடினேன். பஸ் நின்றது. விசில் அவர் மூக்கில் விழுந்தது.

“அண்ணே, கயிறு கொஞ்சம் நீளம்” என்றேன்.

“அப்படியா தம்பி?” என்று அக்கறையாக ஒரு முடிச்சுப் போட்டார்.

அந்தக் கடை வேலையில்தான் எங்கள் வீடு நிமிர்ந்தது, தங்கச்சிக்குக் கல்யாணம் ஆனது. எல்லாம் அந்த மூக்கு செய்த புண்ணியம்.