முன் கொம்பும் என்ரை கமக்கட்டும்

கொடிகாமம்,
கொடியேறி மூன்றாம் நாள்.

பண்டத்தரிப்பில் வாழும் மதிப்புக்குரிய மச்சான் பஞ்சலிங்கம் அவர்களுக்கு,

முருகன் புண்ணியத்தில் நானும் உங்கள் தங்கை பத்மாவதியும் சுகம். உங்கள் வீட்டாரும் அவ்வாறே இருக்க வேண்டுகிறோம்.

நிற்க. சுவாமி வாகனத்தைத் தூக்கும் தடிகளில் வலது முன் கொம்பைப் பதினொரு வருடம் தோளில் காவியவன் நான் என்பது தாங்கள் அறிந்ததே. தைப்பூசம் தொட்டு அந்த இடத்தில் அருளம்பலம் நிற்கிறான். எனக்கு எரிச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் அவன் காவுகிற சீருக்குச் சுவாமியே இறங்கி நடந்துவிடுவார். எனக்குப் பின்னால் கொம்பு பிடித்தவன்தான் உவன். மேலிலை சட்டையில்லாமல் நான் கையை உயர்த்திப் பிடிக்கேக்கை என்ரை கமக்கட்டு அவன்ரை மூக்குக்கு நேரை. மணக்குது எண்டு கோயில் மனேச்சரிட்டைப் போய்ச் சொல்லிப்போட்டான்! மனேச்சர் என்னைச் செருப்புக் காக்க விட்டிட்டார், மச்சான்.

பத்மாவதி தேசிக்காய் தேய்ச்சுப் பாத்தாள், பவுடர் கொட்டிப் பாத்தாள், ஒண்டும் சரிவரேல்லை. வெள்ளைச் சட்டையிலை மஞ்சள் கறை வேறை. "உது எவளின்ரை மஞ்சள்?" எண்டு கேட்டிட்டு மூண்டு நாள் என்னோடை கதைக்கேல்லை. கடைசியிலை தோல் டொக்டரிட்டைப் போனன். அந்த டொக்டர்ப் பிள்ளை லைற்றை நூத்துப்போட்டு ஒரு ஊதா விளக்கைப் பிடிச்சுது. ஐயோ, கமக்கட்டு மயிரெல்லாம் மின்மினி!

"ஐயா, இது ஊத்தை இல்லை, பக்டீரியா. மயிரிலை மணிமணியாக் கட்டியிருக்கு. வழிச்சுப்போட்டு, நெடுகச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைச்சு, இந்தக் கிறீமைப் பூசுங்கோ."

மூண்டு கிழமையிலை எல்லாம் சரி. பத்மாவதியே கிட்ட வந்து மணந்து பாத்து, "ஓம்" எண்டிட்டாள்.

ஆகையால், மனேச்சர் உங்களோடு படித்தவர், ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேட்டைத் திருவிழாவுக்கு முன் கொம்பு எனக்கு வேண்டும். அருளம்பலத்தில் எனக்குத் துளியும் பொறாமை இல்லை. அவன் நல்லாயிருக்கட்டும், பின்னால் இருக்கட்டும்.

மச்சாளுக்கு வணக்கம்; பிரசாந்திக்கும் கோகுலனுக்கும் மாமாவின் ஆசி.

இப்படிக்கு,
கமக்கட்டுச் சுத்தமான உங்கள் மைத்துனன்,
சண்முகநாதன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போக அருளம்பலம் வந்தான். "அண்ணை, மயிரிலை மஞ்சளா ஏதோ மணிமணியாக் கிடக்கு. உங்களுக்கு என்ன மருந்து தந்தவை?" எண்டு கையைத் தூக்கிக் காட்டினான். விளக்கில்லாமலே எனக்கு விளங்கீட்டுது. கிறீமை மடிக்குள்ளை செருகிக்கொண்டு, "உது வெறும் வேர்க்குரு, தம்பி. நல்லெண்ணெய் தடவு, திருவிழா முடியப் பாப்பம்" எண்டன். நீங்கள் மனேச்சரோடை கதைக்கத் தேவையில்லை. இப்ப அருளம்பலத்துக்குப் பின்னாலை கொம்பு பிடிக்கிறது மனேச்சற்றை மருமோன்.