தவராசா நோட் ஜேஎஸ் போட்டது

ஆறு மணி வகுப்பு நடக்கக்கூடாது. நாரந்தனைத் தவராசா இந்த முடிவை எடுத்தது, சுடச்சுடப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுக் கை கழுவேக்கை.

மனுசி நிமலினி கணக்கு ரீச்சர். பள்ளிக்கூடத்திலை கொம்பியூட்டர் பாடத்தையும் தானே எடுக்கோணும் எண்டு அவவுக்கு ஆசை. அதுக்காக ஒன்லைன் வகுப்பிலை சேர்ந்திட்டா. திங்கள் தொடக்கம், பின்னேரம் ஆறிலிருந்து எட்டு மட்டும். வீட்டு லப்டொப்பிலை நோட் ஜேஎஸ் எண்டு ஒண்டைப் போட்டு வைக்கச் சொல்லியிருந்தவை.

"அது இணையத்தளத்துக்குப் பின்னாலை நிண்டு வேலை செய்யிற சாமான். குசினியிலை சமைக்கிறவ மாதிரி. சாப்பிட வாறவையின்ரை கண்ணிலை படாது," எண்டு நிமலினி விளங்கப்படுத்தினா.

தவராசாவுக்கு விளங்கினது ஒண்டே ஒண்டு. ஆறிலிருந்து எட்டு மட்டும் இவ படிச்சால் புட்டு ஆர் அவிக்கிறது? கலியாணம் கட்டின நாளிலிருந்து குசினிக்குள்ளை தண்ணி குடிக்க மட்டும் போய்வந்த மனுசன்.

"நீர் தொடாதையும். பிழையாய்ப் போட்டால் விண்டோஸ் படுத்திடும். நான் போட்டுத் தாறன்."

"உங்களுக்குத் தெரியுமே?"

"எங்கடை கூட்டுறவுச் சங்கத்திலை பிறின்ரர் நிண்டால் ஆரைக் கூப்பிடுகினம்?"

கூப்பிடுறது உண்மைதான். போய் வயரைக் கழட்டித் திருப்பிச் செருகுவார். அவ்வளவுதான் வித்தை.

சங்கத்திலை ஆரோ வைச்சிருந்த கோப்பைப் பென்றைவிலை கொண்டுவந்தார். திங்கள் பின்னேரம் அமத்தினார். சம்மதமோ எண்டு கேட்டுது, சம்மதம். அடுத்தது, அடுத்தது. பச்சைக் கோடு விறுவிறெண்டு ஓடி முக்கால்வாசிக்கு வந்திட்டுது. இந்தச் சனியன் இவ்வளவு லேசாய் முடியுமெண்டு ஆர் கண்டது? தவராசா பாய்ஞ்சு கான்சலை அமத்தினார். கோடு வந்த வழியாலை பின்னுக்குப் போச்சுது. அவருக்கு வயித்திலை பால் வார்த்த மாதிரி இருந்தது.

"சரிவரேல்லை," எண்டார் முகத்தைத் தொங்கப்போட்டு. "நாளைக்கும் பாக்கோணும். பக்கத்திலை ஆள் இருக்கோணும் இதுக்கு."

நிமலினி கைப்பையை எடுத்தா.

"அப்ப நீங்கள் இருந்து பாருங்கோ. எங்கடை ஒழுங்கை மேரிறோஸ் அக்கா வீட்டிலை பலகாரச் சூடு. எட்டு மணிக்கு வந்திடுவன்."

பலகாரச் சூடு எண்டால் எந்தப் புருசனும் வாய் திறக்கேலாது. அயலிலை கலியாணம் எண்டால் பெண்டுகள் கூடிச் சுடத்தான் வேணும். வேதக்காரர், சைவக்காரர் எண்ட பேச்சே இல்லை. தவராசாவும் தலையாட்டினார்.

"எப்பிடியும் இருக்கிறியள்தானே," எண்டா நிமலினி, வாசலிலை செருப்பைப் போட்டுக்கொண்டு. "மா வறுத்துக் கிடக்கு. சுடுதண்ணி விட்டுக் குழைச்சு, ரின் பேணியாலை கொத்தி அவிச்சு விடுங்கோ."

"இன்ஸ்டோல் ஓடேக்கை நான் எழும்பேலாதப்பா."

"எழும்பத் தேவையில்லை. லப்டொப்பைக் குசினி மேசையிலை வைச்சிருக்கிறன்."

அண்டைக்குப் புட்டு களியாய்ப் போச்சுது. செவ்வாய்க்கிழமை கல்லு. புதனும் வியாழனும் தேங்காய் திருவித் திருவித் தோள்மூட்டு விட்டுப்போச்சுது. பின்னேரத்துக்குப் பின்னேரம் பச்சைக் கோடு முன்னுக்குப் போகும், கான்சல், பின்னுக்கு வரும். இடையிலை அடுப்பு. வெள்ளிக்கிழமை புட்டு பூப்போலை உதிர்ந்தது. சொல்ல வெக்கம், மனுசனுக்கு அதிலை ஒரு சின்னப் புளுகமும் பெருமையும் வந்திட்டுது.

ஆனாலும் தாங்கேலாது. ஞாயிற்றுக்கிழமை படுத்துக் கிடந்து யோசிச்சார். வகுப்பு வீட்டிலை நடந்தால் ஆள் வீட்டிலையாவது நிப்பா. காது வகுப்பிலை எண்டாலும் ஒரு கண் அடுப்பைப் பாக்கும். பலகாரச் சூட்டுக்குப் போனால் அந்த ஒரு கண்ணும் இல்லை. பேசாமல் போட்டுக் குடுத்திடுவம்.

திங்கள் பின்னேரம் கான்சல் பக்கம் கை போகேல்லை. எல்லாம் முடிஞ்சு, கறுப்புச் சதுரத்திலை கட்டளையை அடிக்க எத்தினையாம் பதிப்பெண்ட இலக்கமும் வந்திட்டுது. எட்டு மணிக்கு வந்த நிமலினிக்கு லப்டொப்பைத் திருப்பிக் காட்டினார்.

"பாரும். வெண்டிட்டன்."

நிமலினி குனிஞ்சு பாத்தா. "நல்லாய் வேலை செய்யுது. ஆனா இது பழசப்பா. எங்கடை வகுப்பிலை புதுசைத்தான் பாவிக்கிறம்."

"எங்கடை வகுப்போ?"

"நானும் மேரிறோஸ் அக்காவும். அவவின்ரை லப்டொப்பிலை முதல்நாளே போட்டாச்சு. அஞ்சு நிமிசமும் போகேல்லை."

"அப்ப கலியாணம்?"

"ஆருக்கு? அவவுக்கு மூண்டும் பெடியள். மூண்டு பேரும் கட்டியாச்சு. கடைசிப் பெடியனுக்குப் பந்தல் போட்டதே நீங்கள்தானே."

தவராசா கதிரையிலை தொப்பெண்டு இருந்தார். ஒரு கிழமை பலகாரம் சுட்ட வீட்டிலையிருந்து ஒரு பயித்தம் பணியாரம்கூட வரேல்லை எண்டது இப்பதான் மண்டையிலை தட்டுப்பட்டுது. தன்னிலை வந்த கோவத்தை எங்கை போடுறதெண்டு தெரியேல்லை.

நிமலினி புட்டிலை ஒரு வாய் போட்டுப் பாத்திட்டு, இன்னும் ரெண்டு அகப்பை தன்ரை சாப்பாட்டுக் கோப்பையிலை போட்டா.

"பழசைக் கழட்டிப் போட்டுப் புதுசைப் போடுங்கோ. ஆறுதலாய்ப் போடுங்கோ, இடியப்பம் பழகவும் நாள் வேணுமெல்லே."