நாயின் தகப்பன் பெயர்

"நாயோட அப்பா பேரு?" என்று கேட்டார் சேகரன்.

எரிக் நாயைப் பார்த்தான். நாய் சேகரனைப் பார்த்தது.

"தெரியாது சார். தெருவுல கெடச்சுது" என்றான் எரிக். யோகா படிக்க வந்த ஸ்வீடன்காரன் அவன். மைசூரின் கோகுலம் பகுதியில் ஒரு தமிழ் வீட்டு மாடியில் மூன்று வருஷம் குடியிருந்ததில் தமிழும் ஒட்டிக்கொண்டிருந்தது, நாயும் ஒட்டிக்கொண்டிருந்தது.

இன்றைக்கு மட்டும் அவன் வெளிநாட்டு நிவாரணக் குழுவின் தலைவன். நாய், இடிபாட்டுக்குள் ஆளை மோப்பம் பிடிக்கும் மீட்பு நாய். மைசூரில் பெருவெள்ளம் வந்துவிட்டதாகப் பாவனை. உதவிக்கு ஓடி வரும் வெளிநாட்டுக்காரர்களைச் சட்டப்படி எத்தனை சீக்கிரம் உள்ளே விட முடியும் என்று பார்க்க டில்லியிலிருந்து மூன்று பேர் நோட்டுப் புத்தகத்தோடு வந்திருந்தார்கள். திடலின் நடுவே சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் வெளிநாடு, இந்தப் பக்கம் இந்தியா. கோட்டின் மேலே சேகரனின் மேஜை.

இருபத்தாறு வருஷ சர்வீஸில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டு ஒரு படிவத்தையும் வாங்காத மனுஷர் சேகரன். பேரிடர் ஒத்திகைக்கென்று அதை நடத்தும் மீனாக்ஷி மேடம் அவரை வேறு ஆபீஸிலிருந்து கேட்டு வாங்கியபோது வீட்டில் பாயசமே வைத்தார்கள்.

தூரத்தில் தார்ப்பாயின் மேல் முப்பத்தெட்டு நர்சிங் மாணவிகள் காயம்பட்டவர்களாகப் படுத்திருந்தார்கள். அதில் ஒருத்தி அவர் மகள் பிரதிபா. எல்லார் கையிலும் மஞ்சள் சீட்டு. எரிக்கின் பெட்டியில் இருக்கும் மருந்து பதினொரு மணிக்குள் வராவிட்டால் சிவப்புச் சீட்டு. பன்னிரண்டுக்குள் வராவிட்டால் கறுப்பு. கறுப்பென்றால் கதை முடிந்தது.

காலையில் பிரதிபா சிநேகிதிகளிடம் போனில் சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. "எங்கப்பாதான்டி டெஸ்க்ல. ஏனூ ஆகல்ல, ஒண்ணும் ஆகாது, எல்லாரும் பொழச்சுடுவோம்."

அந்தப் பெருமையில் அவருக்கு இட்லியே இறங்கவில்லை.

"அப்பா பேரு தெரியலேன்னா நோட்டரி கையெழுத்தோட பிரமாணப் பத்திரம் வேணும்" என்றார் சேகரன். ஆபீஸ் பியூன் தொட்டையனைக் கோர்ட்டுக்கு விரட்டினார். தொட்டையன் தமிழ்நாட்டு எல்லையோர ஹனூர்க்காரர். முக்கால் மணி நேரம் கழித்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நோட்டரி நாயை நேர்ல பாக்கோணுங்கறாருங்க சார்."

"நாய் எப்படிய்யா கோட்டைத் தாண்டும்? பர்மிஷன் இல்லையே!"

சேகரன் யோசித்து, நாயைப் பட்டியலிலிருந்து அடித்தார். அடித்த பிறகுதான் உறைத்தது: குழுவில் நாயையும் சேர்த்து ஆறு பேர் என்று தூதரகக் கடிதம் சொல்கிறது, பட்டியலில் மிஞ்சியது ஐந்து. எண்ணிக்கை பொருந்தாவிட்டால் புதுக் கடிதம் வேண்டும். சரி, நாயைத் திரும்பச் சேர்க்கலாம் என்றால், அடித்தல் திருத்தல் உள்ள படிவம் செல்லாது. சனியன், முதல் படிவத்திலிருந்து ஆரம்பித்தார்.

"சார், மருந்தையாவது விடுங்க" என்று கெஞ்சினான் எரிக். "உள்ள மாரி பிஸ்கட்தான் சார் இருக்கு!"

"மருந்துதான் பாவனை. விதி நிஜம்."

மருந்துக்கு எதிர்ப் பந்தலில் ஒரு கையெழுத்து வேண்டும். தொட்டையன் டீ வாங்கப் போயிருந்தார். நேரம் போகிறதே என்ற பதைப்பில், "நீயே ஒரு எட்டுப் போய் வாங்கிட்டு வந்துடு" என்று எரிக்கிடம் சொல்லிவிட்டார் சேகரன். அவன் கோட்டைத் தாண்டி நாலடி வைத்ததும் அவர் துள்ளி எழுந்தார்.

"நில்லு! நீ இப்ப விசா இல்லாம இந்தியாவுக்குள்ள வந்துட்டே!"

"நீங்கதானே சார் போகச் சொன்னீங்க?"

"வாயால சொன்னேன். எழுத்துல இல்ல."

அத்துமீறி நுழைந்தவன் மேல் அறிக்கை எழுத வேண்டும். அதை நான்கு பிரதி எழுதிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"அப்பா, மஞ்சளைக் கழட்டிட்டு ரெட் கட்டிட்டாங்க" என்றாள் பிரதிபா. "ஸ்வல்ப பேகா மாடிப்பா, கொஞ்சம் சீக்கிரம். இவங்க எல்லாம் என்னையே பாக்கறாங்க."

சேகரனுக்குக் காது மடல் சுட்டது. "இதோ ஆச்சும்மா. கொஞ்சம் இழுத்துப் புடி."

டில்லிக்காரர்கள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வரியும் தன் மானத்தைப் பற்றித்தான் என்று அவருக்குத் தோன்றியது.

பன்னிரண்டு அடிக்க மூன்று நிமிஷம். பெட்டி இன்னும் வெளிநாட்டில் இருந்தது. சேகரனுக்குள் என்னவோ அறுந்தது. பேனாவை வீசினார், பெட்டியைத் தூக்கினார், தார்ப்பாயை நோக்கி ஓடினார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு தாளும் இல்லாமல் ஓடினார். மாணவிகள் எழுந்து உட்கார்ந்து கைதட்டினார்கள். "பா அப்பா, பா அப்பா!" என்று கன்னடத்தில் கூப்பிட்டு, வா வா என்று கையசைத்தாள் பிரதிபா.

தார்ப்பாய்க்குப் பத்தடி இருக்கும்போது அவர் நின்றார்.

வெளிநாட்டுச் சரக்கைக் கையில் எடுத்து வருகிறவன் யார்? இறக்குமதியாளன். அதற்கு உரிமம் உண்டா? இல்லை. நிற்கலாமா, ஓடலாமா என்று கால் அவரைக் கேட்டது. மனசு மகளிடம் போனது. கால் மேஜைக்குத் திரும்பியது. தன் பேருக்கே ஒரு படிவத்தை எடுத்து, தகப்பனார் பெயர் எழுதிக்கொண்டிருக்கும்போது விசில் ஊதியது.

முப்பத்தெட்டு கறுப்புச் சீட்டு.

மகளுக்குக் கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டபடி நடந்தார். செத்தவர்கள் வரிசையாகப் படுத்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. பிரதிபா டப்பாவை வாங்கிக்கொண்டு மெல்ல, "பரவாயில்லப்பா" என்றாள். அந்தப் பரவாயில்லையில் அவர் கூனிக் குறுகிப்போனார். பத்தடி. பெற்ற மகளுக்குப் பத்தடி நடக்கத் துப்பில்லாத கால்!

நேராக மீனாக்ஷி மேடத்திடம் போய்க் கைகூப்பினார். "தப்பு பூரா என் மேலதான் மேடம். மெமோ கொடுத்துடுங்க."

மேடம் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார். டில்லிக்காரர்கள் எழுந்து வந்து சேகரன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "பதினேழு எடத்துல முடிச்சைக் காட்டிட்டீங்க சேகரன்!" என்றார் மேடம். "நிஜ வெள்ளம் வர்றதுக்கு முந்தி பதினேழையும் சட்டத்துல அவுத்துடலாம். அந்தக் கடைசி பத்தடி இருக்கே, அதை நாங்க கனவுலகூட நெனைக்கல."

குத்திக் காட்டுகிறார் என்றே நினைத்தார் சேகரன். பந்தலுக்குப் பின்னால் ஒதுங்கி உட்கார்ந்தார். கண் கலங்கியது. தொட்டையன் டீயை நீட்டினார்.

"ஏன்யா, என்னை எதுக்குய்யா உக்கார வச்சாங்க? ஊர்ல கெட்டிக்காரனே இல்லையா?"

"அதெப்படிங்க சார்? வெள்ளத்துல அடிபட, உதவிக்கு வர எல்லாத்துக்கும் நடிக்க ஆளு கெடச்சுதுங்க. முட்டுக்கட்டைக்கு மட்டும் நடிப்பு ஆகாது, நெசமான ஆளே வேணும்னு மேடம் ஒரு மாசமா மைசூர் பூரா ஆபீஸ் ஆபீஸாத் தேடித்தானுங்க உங்களப் புடிச்சாங்க!"