பர்மிஷன் அண்ணன் கொடுக்காத புகார்

“ஏண்டி, ஒனக்கு வேற சோலியே இல்லையா? பர்மிஷன் அண்ணனப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டு நீ என்ன கலெக்டராவா ஆகப் போற?” என்று பேத்தியைத் திட்டினேன். திட்டி முடித்தால்தான் எனக்குக் கதை வரும்.

கவர்மெண்டு போட்ட எந்தச் சட்டத்தையும் நல்ல சட்டம் என்று சொல்லாத ஒரே மனுஷன் இந்த மதுரையில் அவர்தான். சிம்மக்கல்லில் தள்ளுவண்டி போட்டுப் பருத்திப்பால் விற்றார். யார் என்ன சொன்னாலும், “அதுக்கு எவன்கிட்ட பர்மிஷன் வாங்கணும்?” என்பார். அதுவே பேராகிவிட்டது. அம்மா அப்பா வைத்த பேர் அவருக்கே மறந்திருக்கும்.

ஒருநாள் அவர் வண்டிக்குப் பக்கத்தில் ‘இங்கே எதையும் நிறுத்தாதீர்’ என்று போர்டு நட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் வந்த ஆபீசரிடம் கேட்டார்: “எதையும் நிறுத்தக் கூடாதுன்னா, இந்தப் போர்ட மட்டும் எதுக்கு நிறுத்தியிருக்கீக?” ஆபீசர் தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

பிளாஸ்டிக் கப்பைத் தடை செய்தபோதுதான் அவர் ரொம்ப நொந்துபோனார். இத்தனைக்கும் ஆரம்பத்திலிருந்தே அவர் எவர்சில்வர் டம்ளரில்தான் ஊற்றுவார்.

“ஒங்களுக்கு என்னண்ணே நட்டம்?” என்றேன்.

“நானா மனசு வந்து செஞ்ச நல்லதுத்தா. அதையும் சட்டமாக்கிட்டாங்ய. இனிமே பாக்குறவன், பயந்துக்கிட்டுச் செய்யிறான்னுதான சொல்லுவான்?”

இப்படிப் பேசுகிறவர், வீட்டில் மதினி கண்ணைக் காட்டாமல் இரண்டாவது தோசைக்குக் கையை நீட்ட மாட்டார். அந்தக் கதையை இழுத்தால் பொழுது விடிந்துவிடும்.

நான் அப்போது அவருக்கு எதிர்ப்பக்கம் பணியாரம் போட்டேன். போணியே ஆகவில்லை. போதாக்குறைக்கு மகனுக்கும் வேலை போயிருந்தது. என் வண்டி ஓடினால்தான் வீட்டில் உலை கொதிக்கும் என்ற நிலைமை. அவர் வண்டியில் மொய்க்கும் கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு நானும் பருத்திப்பால் காய்ச்சிக் கொண்டுபோனேன். சும்மாவும் இருக்கவில்லை. “அங்கிட்டு வெறுந்தண்ணி, இங்கிட்டு வாங்க!” என்று கூவினேன்.

“தண்ணி வேணுங்கிறவுக இங்கயே வாங்க, பச்சத்தண்ணி ஓசிதான்!” என்று அவர் பதிலுக்குக் கூவினார்.

ஒரே வாரம். அவர் கூட்டத்தில் பாதி என் பக்கம் வந்துவிட்டது.

எட்டாம் நாள் சாயங்காலம் அதே ஆபீசர் கையில் பேப்பரோடு வந்தார். நேராக அண்ணனிடம் போனார்.

“ஒரு தெருவுல ஒரு சரக்குக்கு ஒரு வண்டிதாங்க. பர்மிட் உங்க பேர்லதான் இருக்கு. புகார்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. அந்தம்மாவ இன்னைக்கே எடுத்துடுறேன்.”

அவர் போடாமல் இருப்பாரா? அவர் இடத்தில் நான் இருந்தால் இரண்டு கையாலும் போட்டிருப்பேன். எடுக்கச் சொல்லிக் கேட்டபிறகு ஓட வேண்டாமே என்று நானே பானையை இறக்க ஆரம்பித்தேன்.

அண்ணன் பேப்பரை வாங்கவில்லை. விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டி என் வண்டிக்கு வந்தார். என் டம்ளரை எடுத்து, என் பானையிலிருந்தே மொண்டு, ஆபீசர் கையில் கொடுத்தார்.

“குடிங்க சார்.”

ஆபீசர் குடித்தார்.

“எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு.”

“எனக்கும் அதுதான் வயித்தெரிச்சல். ஆனா நல்லாருக்கா இல்லையான்னு குடிக்கிறவன்ல சொல்லணும்? நீங்களும் நானும் பேப்பர்ல எழுதி முடிவு பண்றதுக்கு இதென்ன கோர்ட்டா? வண்டிய அங்கிட்டு வைக்கிறதா இங்கிட்டு வைக்கிறதா, அத வேணாச் சொல்லுங்க.”

“புகார் இல்லாம நான் எடுக்க முடியாதுங்க.”

“அப்ப எடுக்காதீக.”

ஆபீசர் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினார். நான் இறக்கிய பானையைத் திரும்ப வண்டியில் ஏற்றினேன்.

அண்ணன் கிளம்பும்போது முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, “சுக்கு தூக்கலா இருக்கு, கொஞ்சம் கொறச்சுக்க. ஏலக்காய் எம்புட்டுப் போடணும்னு மட்டும் எங்கிட்ட வந்து கேட்டுறாத. அது போட்டி” என்றார்.

கோச்சடையில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் பக்கத்து வீட்டுக்காரிகள் சூழ்ந்துகொண்டார்கள். “எப்படிக்கா ஒன்னைய விட்டாரு?” என்றார்கள். நல்லவர் என்று யாராவது சொன்னால் அந்த மனுஷனுக்குக் கூச்சத்தில் காது சிவந்துவிடும். அதனால் இப்படிச் சொன்னேன்:

“எம்பாலு வாயில வைக்க வெளங்கலையாம்டி. இதெல்லாம் ஒரு போட்டியான்னு விட்டுட்டாரு. ஆனா ஒண்ணு, அவரு வண்டிய எவனாச்சும் எடுக்க வந்தான்னா, முன்சக்கரத்துக்கு அடியில மொதல்ல நாந்தான் படுப்பேன். அதுக்கு எவன்கிட்டயும் கேக்க மாட்டேன்.”